ஓரடிக்குள் இரண்டு பாதங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இவ்வாண்டு பாதத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று எழுதி அனுப்பியபோது, ‘தலைப்பு இன்னும் கொஞ்சம் விரிவாக இருக்கலாமே’ என்று பதில் வந்தது. இதயம், மூளை என்றால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். உடற்கூற்றியல் வகுப்பிலும் பாதத்தின் நிலை இதுதான். கை, மார்பு, வயிறு, தலை எல்லாம் முடிந்து, தேர்வு நெருங்கும் நேரத்தில், ஃபார்மலினில் விறைத்துக் காய்ந்த பாதத்தை அவசர அவசரமாகப் பிரித்துப் பார்த்து முடிப்போம். எலும்புகள் 26, மூட்டுகள் 33, உள்ளங்காலில் தசைகள் நான்கு அடுக்கு என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அந்தக் காய்ந்த பாதத்தைப் பார்த்தவர்களால், உயிருள்ள பாதம் ஒவ்வோர் அடியிலும் தன் இயல்பையே மாற்றிக்கொள்கிறது என்பதை ஊகிக்கக்கூட முடியாது.

பாதத்தின் வேலையில் ஒரு முரண்பாடு இருக்கிறது. குதிகால் தரையில் படும்போது பாதம் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். கல்லோ சேறோ வரப்போ, எதுவானாலும் அதன் மேல் படிய வேண்டும். குதிகால் எழும்பி உடலை முன்னே தள்ளும் நேரத்தில் அதே பாதம் விறைத்து நிற்க வேண்டும். அப்போது நெகிழ்ந்தால், கெண்டைக்கால் தசையின் இழுப்பு தரைக்குப் போய்ச் சேராமல் பாதத்தின் நடுவிலேயே வீணாகிவிடும். சாதாரண நடையில் ஒரு கால் தரையில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 0.6 விநாடி. அதற்குள் நெகிழ்ந்த பாதம் விறைத்த பாதமாக மாறியாக வேண்டும். இந்த மாற்றம் எப்படி நடக்கிறது, தவறினால் என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கணுக்காலிலிருந்து தொடங்குவோம். முழங்காலுக்குக் கீழே டிபியா, ஃபிபுலா என்று இரண்டு எலும்புகள். இரண்டின் கீழ்முனைகளும் இருபுறமும் இறங்கி, நாம் தொட்டுப் பார்க்கிற கணுக்கால் மொட்டுகளாக நிற்கின்றன. வெளிமொட்டு உள்மொட்டைவிடக் கீழே இறங்கியிருக்கும். இப்போதே குனிந்து தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது டேலஸ் என்ற எலும்பு. இதில் ஒரு தசைகூட ஒட்டவில்லை. மேலிருந்து வரும் உடல் எடை முழுவதையும் வாங்கிப் பாதத்துக்குப் பிரித்துக் கொடுப்பது இதன் வேலை. ஆனால் இதைத் தனியாகப் பிடித்து இழுக்க எந்தத் தசையாலும் முடியாது; சுற்றியுள்ள எலும்புகளும் நார்களும் எப்படி விடுகின்றனவோ அப்படித்தான் நகரும். இதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மிச்சமிருக்கும் சிறிய இடத்தின் வழியாகத்தான் ரத்தக்குழாய்கள் உள்ளே போக முடியும். உயரத்திலிருந்து விழுந்து டேலஸின் கழுத்து முறிந்தவர்களுக்கு எலும்பு கூடாமல் செத்துப்போகும் ஆபத்து அதிகமாக இருப்பது இதனால்தான்.

டேலஸின் மேற்பகுதி முன்புறம் அகலமாகவும் பின்புறம் சில மில்லிமீட்டர் குறுகியும் இருக்கிறது. பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அகலமான முன்பகுதி இரு மொட்டுகளுக்கிடையே வந்து இறுகும். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டினால் குறுகிய பின்பகுதி அங்கே வரும், மூட்டு தளர்ந்துவிடும். மாடிப்படியில் கடைசிப் படியைத் தவறவிட்டவர்களுக்கு ஏன் சுளுக்கு ஏற்படுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கால்விரல் நுனி கீழ்நோக்கி, மூட்டு தளர்ந்த நிலையில், முழு எடையும் ஒரே நேரத்தில் இறங்குகிறது. பாதம் உட்புறமாகப் புரள்கிறது. வெளிமொட்டையும் டேலஸையும் முன்புறமாகப் பிணைக்கும் மெல்லிய நார்தான் முதலில் கிழியும். உள்மொட்டுப் பக்கத்து நார்க்கற்றை தடிமனானது, எளிதில் கிழியாது. குதி உயர்ந்த செருப்பு அணிகிறவர்கள் நாள் முழுவதும் கணுக்காலைத் தளர்ந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

சுளுக்கு என்றதும் நம் ஊரில் எண்ணெய் தடவி நீவிச் ‘சுளுக்கெடுக்கும்’ வழக்கம் இன்னும் இருக்கிறது. புதிதாகக் கிழிந்த நாரை அழுத்தி நீவினால் வீக்கம் கூடும், குறையாது. எலும்பு முறிந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்குக் கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீலும் அவருடைய குழுவினரும் 1992இல் ஓர் எளிய விதியை வகுத்தார்கள். மொட்டுகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் எலும்பில் வலி இருக்கிறதா? அடிபட்ட உடனேயும் மருத்துவமனைக்கு வந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று ஆம் என்றால் எக்ஸ்ரே வேண்டும். இரண்டுக்கும் இல்லை என்றால் கணுக்கால் மொட்டுகளுக்கு எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது. வலி குறைந்தபின் செய்ய வேண்டிய இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாரோடு சேர்ந்து, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் பழுதாகின்றன. ஒற்றைக்காலில் நின்று பழகும் பயிற்சி அதற்காகத்தான். அதைச் செய்யாதவர்கள் அதே காலை மறுபடியும் மறுபடியும் சுளுக்கிக்கொண்டு வருவார்கள்.

நடக்கும்போது கணுக்கால் மூட்டில் உடல் எடையைப் போல ஐந்து மடங்கு வரை சுமை ஏறுகிறது. ஆனாலும் இடுப்பும் முழங்காலும் தேய்கிற அளவுக்குக் கணுக்கால் வயதினால் தேய்வதில்லை. தேய்ந்து வருபவர்களில் பெரும்பாலோர் எப்போதோ அங்கே எலும்பு முறிந்தவர்கள் அல்லது மோசமாகச் சுளுக்கியவர்கள். காரணத்தை ராம்சேயும் ஹாமில்டனும் 1976இல் அளந்து காட்டினார்கள். டேலஸ் வெளிப்புறமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், அது டிபியாவைத் தொடும் பரப்பு 42 விழுக்காடு குறைந்துவிடுகிறது. எடை அதேதான், தாங்கும் இடம் மட்டும் பாதியை நெருங்கிச் சுருங்குகிறது. ஃபிபுலா முறிவைச் சரியான நீளத்துக்குப் பொருத்தத் தகடும் திருகும் வைத்து அறுவை மருத்துவர்கள் அவ்வளவு சிரமப்படுவது ஏன் என்று நோயாளிகள் கேட்டால், இந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கைச் சொல்லுங்கள்.

இனி டேலஸுக்கும் அதற்குக் கீழே உள்ள குதிகால் எலும்புக்கும் இடையே உள்ள மூட்டு. என் பார்வையில் பாதத்தின் சூத்திரதாரி இந்த மூட்டுதான். கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் ஆட்டுகிறது. இதன் அச்சோ சாய்வானது: தரையிலிருந்து சராசரியாக 42 டிகிரி மேல்நோக்கியும், பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 16 டிகிரி உட்புறமாகவும் சாய்ந்திருக்கிறது. அச்சு இப்படிச் சாய்ந்திருப்பதால், காலின் சுழற்சி பாதத்தின் சாய்வாக மாறுகிறது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்ப்பது எளிது. முடிந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நில்லுங்கள். பாதங்களைத் தரையிலிருந்து நகர்த்தாமல், இரண்டு முழங்கால்களையும் வெளிப்புறமாகத் திருப்புங்கள். உள்ளங்காலின் குழிவு உயர்கிறது, எடை வெளிவிளிம்புக்குப் போகிறது. இப்போது முழங்கால்களை உட்புறமாகத் திருப்புங்கள். குழிவு தரையை நோக்கி இறங்குகிறது. பாதத்துத் தசைகளை நீங்கள் அசைக்கவே இல்லை. திரும்பியது மேலே இருக்கும் கால்; வடிவம் மாறியது கீழே இருக்கும் பாதம். நடக்கும்போதும் இதுவே நடக்கிறது. குதிகாலின் வெளிவிளிம்பு முதலில் தரையைத் தொடுகிறது. வீட்டில் பழைய ரப்பர் செருப்பைப் புரட்டிப் பாருங்கள், பின்பக்கம் வெளிமூலைதான் முதலில் தேய்ந்திருக்கும். அது நோயின் அடையாளம் இல்லை. தொட்டவுடன் கால் உட்புறமாகச் சுழல்கிறது, பாதம் சரிந்து நெகிழ்கிறது. மறு கால் காற்றில் வீசி முன்னே செல்லும்போது இடுப்பும் அதோடு திரும்புகிறது. தரையில் நிற்கும் கால் வெளிப்புறமாகச் சுழல்கிறது, பாதம் இறுகத் தொடங்குகிறது.

இறுகுவது எப்படி? பாதத்தின் நடுவில் குறுக்காக ஓடும் மூட்டுக்குப் பாரிசு அறுவை மருத்துவர் ஃபிரான்சுவா ஷோபாரின் பெயர். இதற்குள் இரண்டு மூட்டுகள், இரண்டு அச்சுகள். குதிகால் வெளிப்புறம் சரிந்திருக்கையில் இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் நடுப்பாதம் தாராளமாக அசைகிறது; குதிகால் உட்புறம் திரும்பியதும் அச்சுகள் விலகி ஒன்றையொன்று மறித்துக்கொள்கின்றன. ஹெர்பர்ட் எல்ஃப்ட்மேன் 1960இல் சொன்ன விளக்கம் இது. எலும்புகளை மட்டும் வைத்துச் சொல்லும் இக்கணக்கு மிகவும் எளிமைப்படுத்தியது, தசைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்று இப்போது வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மாணவர்களுக்குத் தொடக்கமாக நான் இதைத்தான் சொல்லுவேன்.

குதிகாலை உட்புறம் திருப்பிவிடும் தசைகளில் முதன்மையானது கீழ்க்காலின் பின்புறம் ஆழத்தில் கிடந்து, உள்மொட்டுக்குப் பின்னால் வளைந்து பாதத்தின் உட்பக்கம் வந்து சேரும் டிபியாலிஸ் போஸ்டீரியர். ஒருவர் நுனிக்காலில் எழும்பும்போது பின்னாலிருந்து அவருடைய குதிகால்களைக் கவனியுங்கள். நலமான கால் என்றால் எழும்பும்போதே குதிகால் உட்பக்கம் திரும்பும். நடுத்தர வயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, இந்தத் தசையின் நாண் தளர்ந்து நைந்துபோவது உண்டு. அவர்களால் ஒற்றைக்காலில் நுனியில் எழும்ப முடியாது. எழும்பினாலும் குதிகால் திரும்பாது. ஒரு காலத்தில் நன்றாயிருந்த குழிவு சில ஆண்டுகளில் தட்டையாகிவிடும். ‘அம்மாவுக்கு எடை கூடியதால் கால் தட்டையாகிவிட்டது’ என்று வீட்டார் சொல்வார்கள். உள்மொட்டுக்குப் பின்னால் வீக்கமும் வலியும் இருக்கிற தொடக்க நிலையிலேயே வந்தால், தாங்குசெருப்பும் பயிற்சியும் போதுமானதாக இருக்கக்கூடும்.

இறுகுவதில் இரண்டாவது பங்கு உள்ளங்கால் பட்டைக்கு. குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடும் வெண்ணிறத் தடித்த நார்ப்பட்டை இது. உட்காருங்கள். வலது பாதம் தரையில் இருக்கட்டும். கையால் பெருவிரலை மட்டும் மேல்நோக்கி மடக்குங்கள். உள்ளங்கால் குழிவு தானாக உயர்கிறது, அடியில் பட்டை விண்ணென்று புடைப்பது விரலுக்குத் தட்டுப்படும். பெருவிரல் மேலே மடங்கும்போது பட்டை விரலடி மூட்டைச் சுற்றி இழுபடுகிறது. குதிகாலுக்கும் விரலடிக்கும் இடையே உள்ள தூரம் குறுகுகிறது. பாதம் குறுகி உயர்ந்து விறைக்கிறது. இங்கிலாந்தின் ஜே. எச். ஹிக்ஸ் 1954இல் இதை விளக்கி, பாரம் இழுக்கக் கயிறு சுற்றும் உருளைப் பொறியின் பெயரையே வைத்து விண்ட்லாஸ் என்றார். குதிகால் எழும்பினாலே விரல்கள் மடங்கும். விரல் மடங்கினாலே பாதம் விறைக்கும். மூளை இதற்குத் தனியாக ஆணையிட வேண்டியதில்லை.

காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது குதிகாலில் குத்துகிறதே, ஊரில் குதிகால் வாதம் என்கிறோமே, அது இந்தப் பட்டை குதிகாலில் தொடங்குமிடத்தில் நைந்துபோவதால் வருவது. எக்ஸ்ரேயில் குதிகாலில் முள் போல எலும்பு நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, அதுதான் குத்துகிறது என்று பலரைப் பயமுறுத்துகிறார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள் இருக்கிறது. கெண்டைக்கால் தசையையும் பட்டையையும் நீட்டும் பயிற்சியைப் பொறுமையாக மாதக்கணக்கில் செய்தால் பெரும்பாலோருக்குக் குணமாகும். ஊசிக்கும் கத்திக்கும் அவசரப்பட வேண்டாம்.

ஓடும்போது இந்தப் பட்டையும் நார்களும் இன்னொரு வேலையும் செய்கின்றன. ஆர். எஃப். கெர், மெக்நீல் அலெக்சாண்டர் முதலியோர் 1987இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், அறுவையில் நீக்கப்பட்ட பாதங்களை அழுத்தும் கருவியில் வைத்து அளந்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து திரும்பப் பெறும் ஆற்றல் ஏறத்தாழ 100 ஜூல். அதில் 35 ஜூலை, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைக்கும் குதிநாணும் 17 ஜூலைப் பாதத்தின் குழிவும் தேக்கி வைத்துத் திருப்பித் தருகின்றன என்பது அவர்கள் கணக்கு.

நீளவாட்டுக் குழிவைப் பற்றியே இருநூறு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தோம். கல் பாலத்து வளைவை வரைந்து காட்டாத பாடநூல் இல்லை. பாலம் அசையாது, பாதமோ அசைவதற்காகவே இருக்கிறது என்பதை அந்தப் படம் மறைத்துவிட்டது. 2020இல் யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும், ஷ்ரேயஸ் மாந்த்ரே, மகேஷ் பாந்தி ஆகியோரும் சேர்ந்து நேச்சர் இதழில் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். ஒரு ரூபாய் நோட்டை ஒரு முனையில் தட்டையாகப் பிடித்தால் மறுமுனை தொங்கும். அதே முனையைக் குறுக்குவாட்டில் சற்று வளைத்துப் பிடியுங்கள், நோட்டு நிமிர்ந்து நீட்டிக்கொண்டு நிற்கும். பாதத்திலும் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்குக் குறுக்கு வளைவு ஒன்று இருக்கிறது. இறந்தவர்களின் பாதங்களில் அவ்வளைவைப் பிணைக்கும் குறுக்குத் திசுக்களை வெட்டியபோது, பாதத்தின் விறைப்பு 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. உள்ளங்கால் பட்டையை வெட்டினால் ஏற்படும் இழப்பைவிட இது அதிகம். தட்டைப் பாதம் என்று நாம் ஒதுக்கும் பலருடைய கால்கள் எந்தத் தொந்தரவும் தராமல் உழைப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இனி நம் பக்கத்துச் செய்தி ஒன்று. குந்தி உட்காருவதற்குக் கணுக்கால் மேல்நோக்கி முழுமையாக மடங்க வேண்டும். நடப்பதற்குப் பத்து டிகிரி மடக்கம் போதும். குந்துவதற்கு அதைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் வேண்டும். அப்படி மடங்கும்போது டிபியாவின் முன்விளிம்பு டேலஸின் கழுத்தில் போய் அழுத்துகிறது. லாகூரில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஹாவ்லாக் சார்லஸ், பஞ்சாபியரின் கால் எலும்புகளில் அந்த இடத்தில் வழுவழுப்பான சிறு முகப்புகள் இருப்பதை 1893இல் எழுதினார். 1959இல் இந்தர்பீர் சிங், இந்தியர்களின் டேலஸ், டிபியா எலும்புகளை வரிசையாக ஆராய்ந்து அந்த முகப்புகளை வகைப்படுத்தினார். நம் மாணவர்களில் பலர் அவருடைய பாடநூல்களைப் படித்தவர்கள். இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் குறைவு. ஒரு மனிதர் எப்படி உட்கார்ந்து வாழ்ந்தார் என்பது அவருடைய கணுக்கால் எலும்பில் பதிந்துவிடுகிறது.

இந்த உட்காரும் முறைதான் செயற்கைக்கால் வரலாற்றையும் மாற்றியது. மேலைநாட்டில் அன்று பரவலாக இருந்த செயற்கைப் பாதத்துக்குக் கணுக்கால் அசைவே கிடையாது. ஷூவுக்குள் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காகச் செய்தது. நம் விவசாயிக்கு அது எதற்கு? சேற்றில் இறங்க முடியாது, குந்த முடியாது, கோயிலுக்குள் ஷூவோடு போக முடியாது. கட்டிக்கொண்டு போனவர்கள் ஊர் திரும்பியதும் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்கள். ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968இல் உருவாக்கிய ரப்பர் பாதம் எல்லாப் பக்கமும் வளைந்துகொடுத்தது. வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், சேற்றில் இறங்கலாம். அதை அணிந்து மேடையேறி ஆடிய சுதா சந்திரனை ‘மயூரி’ படத்தில் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு கைவினைஞருடைய பெயரை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. பாதம் எப்படி வளைய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தட்டைப் பாதத்துக்கு வருகிறேன். குழந்தை நடக்கத் தொடங்கியதும் பாதம் தட்டையாக இருக்கிறது என்று பெற்றோர் கவலையோடு வருவார்கள். குழந்தையின் பாதத்தில் கொழுப்பு நிறைந்திருக்கும், நார்கள் தளர்வாயிருக்கும். பெரும்பாலோருக்குப் பத்து வயதுக்குள் குழிவு தானாக வந்துவிடும். நுனிக்காலில் நிற்கச் சொன்னால் குழிவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், வலியும் இல்லையென்றால், சிகிச்சையே வேண்டாம். மணிப்பால் மருத்துவக் கல்லூரியின் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 1992இல் 2300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. காலணி அணிந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 விழுக்காடுதான். மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அதிகம், திறந்த செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. மழலையர் வகுப்புக்கே கறுப்புத் தோல் ஷூவும் சாக்ஸும் கட்டாயம் என்று சொல்லும் பள்ளி நிர்வாகிகள் இந்தக் கட்டுரையை ஒருமுறை படிக்கலாம். நம் வெயிலில் ஐந்து வயதுக் குழந்தையின் பாதத்தை எட்டு மணி நேரம் மூடி வைப்பதால் பாதத்துக்கு எந்த நன்மையும் இல்லை.

வெறுங்காலின் பெருமையைப் பேசினால் உடனே வேறொரு கேள்வி எழும். தோல் தடித்துப் போனால் உணர்ச்சி மங்காதா? நிக்கலஸ் ஹோலோவ்காவும் டேனியல் லீபர்மனும் கென்யாவில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு மங்குவதில்லை என்கிறது. வெறுங்காலோடு நடப்பவர்களின் தடித்த தோல் பாதத்தைக் காக்கிறது, தரையை உணரும் திறனைக் குறைக்கவில்லை. ஆனால் இந்தச் செய்தி நரம்பு நலமாக உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். சுரணை போன பாதத்தின் கதை வேறு. இந்தச் சொற்பொழிவில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் அந்தக் கதைதான்.

அந்தக் கதையை உலகுக்குச் சொன்னவர் கொல்லிமலையில் வளர்ந்தவர். பால் பிராண்ட், 1914இல் அங்கே மதப்பணி செய்த பெற்றோருக்குப் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்றுதான் அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் கூர்ந்து பார்த்தார். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, வலி இல்லாததால் கல்லும் ஆணியும் இறுக்கமான செருப்பும் செய்த காயத்தை நோயாளி கவனிப்பதில்லை. அதன் மேலேயே நடக்கிறார். சதை கெட்ட சதை இல்லை. ஓய்வு கொடுத்தால் எல்லோருடைய சதையும் போலவே ஆறுகிறது.

முழங்காலுக்குப் பக்கவாட்டில் ஓடும் நரம்பு தொழுநோயில் கெட்டுவிட்டால் பாதம் தொங்கிவிடும், ஒவ்வோர் அடியிலும் விரல்கள் தரையில் தட்டும். பிராண்டும் அவருடைய சகாக்களும் செய்த அறுவையில், முன்னே சொன்ன டிபியாலிஸ் போஸ்டீரியர் தசையின் நாணை உட்புறத்திலிருந்து பிரித்து, பாதத்தின் முன்பக்கம் கொண்டுவந்து பொருத்தினார்கள். அந்தத் தசைக்குப் போகும் நரம்பு பெரும்பாலும் தப்பித்திருக்கும். பாதம் தரையில் இருக்கும்போது சுருங்கிப் பழகிய தசை, இனி பாதம் காற்றில் இருக்கும்போது சுருங்க வேண்டும். இயன்முறை மருத்துவர் நோயாளியோடு உட்கார்ந்து வாரக்கணக்கில் அதை மாற்றிப் பழக்குவார். அறுவையில் பாதி வேலை அங்கேதான் என்பதை இயன்முறை மாணவர்கள் தயக்கமின்றிச் சொல்லிக்கொள்ளலாம்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே எலிகளின் பாதத்தில் மெல்லிய அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை எந்திரத்தால் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருமுறை கொடுத்தால் ஒன்றுமே செய்யாத அழுத்தம் அது. நாள்தோறும் தொடர்ந்தபோது முதலில் சிவந்தது, சூடேறியது, பிறகு புண்ணாயிற்று. எண்ணிக்கையைக் குறைத்து இடையிடையே ஓய்வு கொடுத்த எலிகளில் தோல் தடித்துப் பழகிக்கொண்டது. நலமான மனிதர் நெடுந்தூரம் நடக்கும்போது உள்ளங்காலில் ஓரிடம் சூடேறியதும் தம்மையறியாமலே நடையை மாற்றி, எடையை வேறிடத்துக்குத் தள்ளுகிறார். சுரணையற்றவர் முதல் அடியையும் பத்தாயிரமாவது அடியையும் ஒரே மாதிரி வைக்கிறார். ஆணி குத்தித்தான் புண் வர வேண்டும் என்பதில்லை. வெறும் நடையே போதும்.

வேலூர் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு இந்த அறிவின் விளைவு. அழுத்தத்தை ஒரு புள்ளியில் குவியவிடாமல் பாதம் முழுவதும் பரப்பும் அந்த எம்.சி.ஆர். செருப்பு இன்று தமிழ்நாடெங்கும் சர்க்கரை நோயாளிகளின் காலில் இருக்கிறது. தொழுநோய்க்காகக் கண்டறிந்தது அப்படியே சர்க்கரை நோய்க்குப் பொருந்தியது. நரம்பைக் கெடுப்பது எதுவாக இருந்தாலும், அதன்பின் பாதத்தை உடைப்பது நடையின் விசைதான். சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கும்போது பாதத்தின் சிறு தசைகளும் வற்றிவிடும்; விரல்கள் நகம் போல வளைந்து, விரலடி எலும்புகள் கீழே துருத்தும்; அங்கே தோல் தடித்து ஆணி விழும்; ஆணிக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் புண் உருவாகும். வலி இல்லாமல் ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால், அது ஷார்கோ பாதமாக இருக்கலாம். எலும்புகள் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கும். யூரிக் அமிலம், கிருமித் தொற்று என்று மருந்து கொடுத்து நடக்கவிட்டால், சில வாரங்களில் குழிவு இருந்த இடத்தில் எலும்பு கீழே புடைத்துவிடும். அந்தப் பாதம் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை.

பாதயாத்திரை போகும் சர்க்கரை நோயாளிகளை நான் தடுப்பதில்லை. நம்பிக்கையில் குறுக்கிடுவது என் வேலை இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் நடந்து, உள்ளங்கால் முழுவதும் கொப்புளித்த பிறகும் தெரியாமல் வீடு திரும்பியவர்கள் உண்டு. அதிகாலையில் போங்கள், சாக்ஸாவது போட்டுக்கொள்ளுங்கள், இரவில் யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்கிறேன். செருப்பு அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கல்லோ முள்ளோ கிடந்தால் காலுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நாளை காலை புறநோயாளர் பிரிவில் சர்க்கரை நோயாளி ஒருவர் உங்கள் எதிரே உட்காருவார், கையில் ரத்த அறிக்கை இருக்கும். அதை வாங்குமுன் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களையும் தொட்டு எது சூடாக இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள். 10 கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொட்டேன் என்று சொல்லச் சொல்லுங்கள். கழற்றி வைத்த செருப்பையும் புரட்டிப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. வரிசை நீண்டிருக்கிறது என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.